பாலைவனத்துக்குப் போன ஐந்து நண்பர்கள்

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு குரங்கும் ஒரு முயலும் ஓர் ஆமையும் இரண்டு நாய்களும் நட்பாக இருந்தன. குரங்கின் பெயர் துடியன். முயலின் பெயர் வெள்ளைச்சி. ஆமையைக் கெட்டியப்பன் என்பார்கள். சடையனும் செம்பியும் நாய்கள், அண்ணன் தங்கை.

அந்த ஆண்டு மார்கழியில் பனி கடுமையாகக் கொட்டியது. மற்றவர்கள் நடுங்கியதோடு சரி. கெட்டியப்பனோ ஓட்டுக்குள் சுருண்டவன், உச்சிவேளை வரை தலையை நீட்டவே இல்லை.

"இப்படியே விட்டா நம்ம கெட்டியப்பன் விறைச்சுப் போயிடுவான். பாலைவனத்துல பகல் முழுக்க நல்ல வெயில் அடிக்கும். நாங்க பிறந்த இடம் அது. எல்லாரும் கொஞ்ச நாள் அங்க போய் இருந்துட்டு வரலாமா?" என்றான் சடையன்.

"போகலாமே!" என்று துள்ளினாள் வெள்ளைச்சி.

மறுநாளே கிளம்பினார்கள். மெல்ல மெல்ல நடந்து பாலைவனம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே வானம் துடைத்துவிட்டது போல் நீலமாக இருந்தது. இளஞ்சூடான மணலில் கெட்டியப்பன் நான்கு கால்களையும் பரப்பிப் படுத்தான்.

"அப்பாடா, இப்பதான் உயிர் வந்தது" என்றான்.

நாய்கள் ஒன்றையொன்று துரத்தி ஓடின. வெள்ளைச்சி மணலில் குழி பறித்து ஒளிந்துகொண்டாள். துடியன் இலந்தைப் புதரில் பழம் பறித்து எல்லோருக்கும் கொடுத்தான். சிரிப்பும் கூத்துமாகப் பொழுது போனது.

சாயங்காலம் துடியன் தூரத்தில் உயர்ந்து நின்ற ஒரு மணல் மேட்டைக் காட்டினான். "அதுமேல நின்னு சூரியன் இறங்குறதைப் பார்க்கணும். ஓடினாத்தான் முடியும். வாங்க."

"அப்போ கெட்டியப்பன்?" என்று கேட்டாள் செம்பி.

"அவன் வர்றதுக்குள்ள இருட்டிடும். இங்கேயே இருக்கட்டும். பார்த்துட்டு வந்து சொல்றோம்."

துடியனும் வெள்ளைச்சியும் ஓடினார்கள். சடையனும் ஆசை தாங்காமல் பின்னாலேயே ஓடினான். செம்பி மட்டும் நின்றுவிட்டாள்.

கெட்டியப்பனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும், "நீயும் போ செம்பி. என்னால உனக்கு எதுக்கு நஷ்டம்?" என்றான்.

"சூரியன் நாளைக்கும்தான் இறங்கும். நகரு, நானும் உட்காருறேன்" என்று அவனை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள் செம்பி.

கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. மணல் புகை போல எழும்பி வானத்தை மறைத்தது. மேட்டுக்குப் போன மூவருக்கும் எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை. வந்த காலடித் தடங்களும் அழிந்து போயின.

"சடையா, மோந்து பார்த்து வழி சொல்லேன்" என்றான் துடியன். 

சடையன் மூக்கைத் தாழ்த்தினான். மூக்கெல்லாம் மணல் ஏறியது. "ஒண்ணும் தெரியலையே" என்றான். வெள்ளைச்சி அழத் தொடங்கினாள்.

இங்கே செம்பி விடாமல் குரைத்துக்கொண்டிருந்தாள். மணல் அவள் கால்களை மூடிக்கொண்டே வந்தது.

"என் முதுகுமேல ஏறி நில்லு செம்பி. காத்து அவங்க பக்கம்தான் அடிக்குது. நிறுத்தாம குரை. சத்தம் போய்ச் சேரும்" என்றான் கெட்டியப்பன்.

செம்பி ஏறி நின்றாள். தொண்டை கட்டியது. அப்படியும் அவள் நிறுத்தவில்லை.

அங்கே சடையன் காதை நிமிர்த்தினான். "என் தங்கச்சி குரல்! என் வாலைப் பிடிச்சுக்கோங்க" என்றான். துடியன் வாலைப் பிடித்தான். வெள்ளைச்சி துடியன் முதுகில் தொற்றிக்கொண்டாள். குரல் வந்த திசையிலேயே தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தார்கள்.

செம்பி, கெட்டியப்பனின் முதுகிலிருந்து இறங்கிப் பொத்தென்று படுத்தாள். துடியன் ஆமையின் பக்கத்தில் தலை குனிந்து நின்றான்.

"உன் குளிருக்காகத்தானே இங்க வந்தோம். உன்னையே விட்டுட்டு ஓடிட்டேனே கெட்டியப்பா."

"திரும்பி வந்துட்டீங்கல்ல, அது போதும். குளிருது, கிட்ட வாங்க" என்றான் கெட்டியப்பன். ஐவரும் நெருங்கிப் படுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காற்று அடங்கிவிட்டது. மதியத்திலிருந்தே நால்வரும் சேர்ந்து கெட்டியப்பனைத் தள்ளியும் தூக்கியும் அந்த மேட்டின் உச்சிக்கு ஏற்றினார்கள். சூரியன் பெரிய செம்பழமாக மணலுக்குள் இறங்கியது. கெட்டியப்பன் கண் இமைக்காமல் பார்த்தான்.

திரும்பும்போது அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். அவ்வளவுதான். சரிவில் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனான். நாய்கள் குரைத்துக்கொண்டே துரத்தின. முயலும் குரங்கும் உருண்டு புரண்டு வந்தன. ஆனால் ஒருவராலும் அவனைப் பிடிக்க முடியவில்லை.

"வாழ்நாள்ல முதல் தடவையா எல்லாரையும் முந்திட்டேன். இன்னொரு தடவை என்னை மேல ஏத்துறீங்களா?" என்றான் கெட்டியப்பன். அவர்கள் சிரித்துக்கொண்டே அவனைத் தூக்கினார்கள்.

மெல்ல வரும் நண்பனுக்காக ஒருவர் நின்றால், முன்னே ஓடியவர்களுக்கும் திரும்பி வர ஓர் இடம் இருக்கும்.