கொல்லைப் பக்கத்துச் சுவர்

"வீடு கட்டுறேன். தம்பி வருவானா, சொல்லுங்க," என்றார் மாசிலாமணி.

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆற்றங்கரை மடத்துக்கு அவர்தான் குரு. மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவர். அதனால் என்ன? மாசிலாமணி வாரம் தவறாமல் வந்து அவர் முன்னால் உட்காருகிறவர்.

"எதுக்குப் போனான்?"

"என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில ஏகாம்பரம் பேரை மாமன் மச்சானுக்கெல்லாம் கீழே போட்டுட்டேனாம். பந்தியில உட்காராமப் போனவன்தான். நாலு வருஷம் ஆச்சு."

"போட்டியா?"

"அச்சடிச்சவன் போட்டான்."

சாமியம்மா ஒரு தண்டை ஒடித்தார்.

"சரி, நான்தான் போட்டேன்," என்றார் மாசிலாமணி.

"கோபக்காரனோ?"

"வீம்புக்காரன்."

"நீ?"

"நான் அவனுக்கு அண்ணன்."

சாமியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"மாடியில அவனுக்கு ரெண்டு அறை ஒதுக்கியிருக்கேன். சொல்லியும் அனுப்பிட்டேன். பதிலே இல்ல. நாளைக்கு அஸ்திவாரம் தோண்டணும். அவன் வரலைன்னா எனக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வீடு?"

"வீட்டைக் காட்டு."

"இன்னும் கட்டவே இல்லையேம்மா."

"காட்டு."

மனையில் கொத்தனார் வீரப்பன் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வைத்திருந்தார். சுவர் வரும் இடமெல்லாம் வெள்ளைக் கோடு. கதவு வரும் இடத்தில் மட்டும் இடைவெளி.

"கோட்டுல பார்த்தா சின்னதாத் தெரியும்," என்றார் கொத்தனார்.

"யாருக்குய்யா சின்னது?" என்றார் மாசிலாமணி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காட்டினார். இது கூடம். குடும்பமே ஒரே பந்தியில் உட்காரலாம். இது சமையலறை. இது மாடிப்படி. இது தலைவாசல். தேக்கு, ரெட்டைக் கதவு. பக்கத்து ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

"வேற வழி?" என்றார் சாமியம்மா.

"எதுக்கு? ஒரு குடும்பம், ஒரு வாசல். என் சம்சாரம் கொல்லைப் பக்கம் ஒரு கதவு கேட்டா. முடியாதுன்னுட்டேன். இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் இது வழியாத்தான் வரணும்."

சாமியம்மா அந்த இடைவெளி வழியாக உள்ளே போனார். கூடத்தின் நடுவில், வாசலைப் பார்த்து, வெறும் தரையில் உட்கார்ந்தார். மாசிலாமணியும் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"வருவானாம்மா?"

"மாட்டான். வரவும் கூடாது."

"என்னம்மா சொல்றீங்க?"

"கூடப் பிறந்தவன் பேரை எங்கே போடணும்னு தெரியாதவன் வீட்டுல எவன் இருப்பான்? உனக்கு வேண்டியது தம்பி இல்ல. கூடத்தை நிரப்ப ஆள்."

கொத்தனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாசிலாமணி எழுந்தார்.

"அவனைத் தோள்ல தூக்கி வளர்த்தவன் நான். ஒரு பாய், மூணு கல்லு அடுப்பு, இதுதான் உங்க வீடு. குடும்பம்னா என்னன்னு நீங்க எனக்குச் சொல்ல வந்துட்டீங்க."

துண்டை உதறித் தோளில் போட்டார். தலைவாசல் வழியாக வெளியேறினார். ரோடு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டில் ஒரு பஸ் வந்தது. ஏறவில்லை. கோபம் கொஞ்ச நேரம் கூடவே நின்றது. அப்புறம் அது போய்விட்டது. இவர் மட்டும் நின்றார்.

குருவை வெயிலில் உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறார். சொல்லக்கூடாததையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

திரும்பி நடந்தார்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. சாமியம்மா அதே இடத்தில், அதே வாசலைப் பார்த்தபடி. கொத்தனாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி வாசலுக்குப் போகவில்லை. வேலி ஓரமாகச் சுற்றிக் கொல்லைப் பக்கம் வந்தார். சமையலறைக் கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"சுவர்ல முட்டிக்காதே," என்றார் சாமியம்மா, திரும்பாமலேயே.

தூக்கிய கால் அப்படியே நின்றது.

"வெறும் கோடுதானேம்மா."

"நாளைக்கு இது சுவர். சுத்திப் போய் வாசல் வழியா வா."

மாசிலாமணி காலைக் கோட்டுக்கு வெளியிலேயே வைத்தார். வாசலைப் பார்த்தார். பெரிய வாசல். அதில் நுழைந்து, கூடத்தில் நடந்து, அந்தக் கண்ணுக்கு எதிரே போய் நிற்க வேண்டும்.

"வரலியா?"

"அது வழியா வர முடியலம்மா."



மாசிலாமணி நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு குந்தி உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டை உள்ளங்கையால் அழித்தார். ஒரு ஆள் நுழைகிற அகலத்துக்கு அழித்தார்.

கொத்தனார் ஓடி வந்தார். "கொல்லைக் கதவாங்க? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. சரி, பின்பக்கம்தானே. குள்ளமா ஒண்ணு வச்சுடறேன். வர்றவங்க குனிஞ்சு வந்துக்கட்டும்."

மாசிலாமணி எழுந்தார். கை முழுக்கச் சுண்ணாம்பு.

"தலைவாசல் உயரத்துக்கே வை," என்றார். "என் தம்பி குனிய மாட்டான்."