இழுகழித் தடம்

ராணுவ வேவுக்காரர்களின் வரலாற்றை எழுதியவர்கள் அவர்களுடைய குதிரைகளின் பெயரைக்கூட விடவில்லை. ஜோசெட்டின் பெயரை விட்டுவிட்டார்கள்.

அமெரிக்க மேற்கெல்லையின் புல்வெளியில் ஏமோஸ் டட்டில் என்ற வெள்ளைக்கார வேவுக்காரனுக்குத் தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். தாய்வழியில் அந்த மண்ணின் பழங்குடி. முதலில் அவனுக்கு ஆசிரியை, பிறகுதான் மனைவி. கேட்டவர்களிடமெல்லாம் அவன், அந்த வித்தை தனக்குப் பிறவியிலேயே வந்தது என்பான்.

ஒரு மதியம் ராணுவக் கோட்டைக்குத் திரும்பியவன், தங்கள் குடிசை வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். முகம் இறுகியிருந்தது.

ராணுவம் துரத்தும் அவளுடைய மக்களின் தடம் கிடைத்துவிட்டதாம். நெடுக இழுகழிக் கோடுகளாம்.

கூடாரக் கழிகள் இரண்டைக் குதிரையின் இருபுறமும் கட்டி, நுனிகள் தரையில் இழுபட, நடுவே தோல் விரித்துச் சுமை ஏற்றுவது அவளுடைய மக்களின் வழக்கம். சண்டைக்குப் போகிறவன் கழிகளை இழுத்துக்கொண்டு போவதில்லை. போவது குடும்பங்கள். இதையும் அவள்தான் அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

படையின் கேப்டனிடம் என்ன சொன்னான் என்று கேட்டாள்.

"பெரிய கூட்டம் என்றேன்."

"யார் என்று சொன்னாயா?"

"அவர் கேட்கவில்லை. தரையை வாசிப்பது என் வேலை, ஜோசெட். சுடுவது வேறு ஆட்களின் வேலை. இதில் என் குற்றம் என்ன? நீயே சொல்."



அவன் லாயத்துக்குப் போனதும், குடிசைக்குப் பின்னாலிருந்த கழிகளை எடுத்துக் கோவேறு கழுதையில் கட்டினாள். தோலை விரித்தாள். இரண்டு வயது மகளை அதில் கிடத்தி, விழாதபடி கட்டினாள்.

உன் பெண்டாட்டி வீட்டையே பெயர்த்துக்கொண்டு போகிறாள் என்று சிப்பாய்கள் அவனைக் கேலி செய்தார்கள். அவனும் சிரித்தான். அன்றிரவு அவள் வரவில்லை. கோபித்துக்கொண்டு தன் அத்தை வீட்டுக்குப் போயிருப்பாள் என்று எண்ணிக்கொண்டான்.

மறுநாள் காலை படை புறப்பட்டது. ஆற்றைக் கடந்ததும், பழைய கோடுகளின் மேல் புதிதாக இரண்டு கோடுகள்.

ஏமோஸ் இறங்கிக் குனிந்தான்.

கோவேறு கழுதையின் குளம்பு. லாடம் அவன் கையால் அடித்தது. பக்கத்தில் ஒரு பெண்ணின் தோல்செருப்பு. ஓரிடத்தில் கோடுகள் நின்றிருந்தன. அங்கே ஒரு குழந்தை வெறுங்காலோடு இறங்கி, ஈரமண்ணில் தள்ளாடி நடந்திருந்தது.

அவன் எழுந்திருக்கவில்லை.

கேப்டன் பொறுமையிழந்தார். "என்ன தெரிகிறது?"

"என் மகள், ஐயா."

"அதை நான் கேட்கவில்லை, டட்டில். எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள்?"

ஏமோஸ் அந்தச் சின்னப் பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான்.

ஜோசெட் தன் மக்களிடம் போய்ச் சேர்ந்தாள். ஏமோஸ் தடம் காட்ட மறுத்துவிட்டதால், ராணுவம் வேறொரு வேவுக்காரனை அமர்த்தி, பனி விழுமுன் அவர்களைப் பிடித்து, அரசு ஒதுக்கிய நிலத்தில் அடைத்தது. கணவனிடம் அவள் திரும்பவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில், அரசு தருவதாகச் சொன்ன மாவும் இறைச்சியும் வராதபோது, அங்கேயே பட்டினியில் செத்தாள்.