விரால் வந்தால்தான் பிள்ளை

ஓடைப்பொட்டல் என்று ஓர் ஊர். அங்கே யாரும் அவசரப்பட்டு ஒரு காரியத்தைக் கெடுத்துவிட மாட்டார்கள். மூன்று பேராவது உட்கார்ந்து, நன்றாக யோசித்து, அதற்கப்புறம்தான் கெடுப்பார்கள்.

அந்த ஊர்ச் சோணமுத்துவுக்கு ஒரு கஷ்டம் வந்தது. அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் நிறைமாதம். தலைப்பிரசவத்துக்காக ஆறு கிலோமீட்டர் தள்ளி, புளியடிக்களத்தில் தாய் வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனான். சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த நேரத்தில் அவள் சொல்லிவிட்டாள்:

"எங்கக்கா புருசன் அக்காவுக்கு வெரால் பிடிச்சுக் குடுத்தாக. நீங்க ஒரு அயிரையாச்சும் பிடிச்சிருக்கீகளா? உங்க கையால பிடிச்ச வெராலக் கொழம்பு வச்சுத் திங்காம நான் பிள்ளை பெத்துக்கிட மாட்டேன், ஆமா!"

எல்லோரும் சிரித்தார்கள். சோணமுத்து சிரிக்கவில்லை. நர்சம்மா வெள்ளிக்கிழமைக்குள் பிரசவம் என்று சொல்லியிருந்தார். பிள்ளை வெளியே வருவதும் வராததும் இனித் தன் கையில்தான் இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. மாமியார் போட்ட சோற்றைக்கூட அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஊருக்கு வந்ததும் சிநேகிதர்கள் இரண்டு பேரையும் வேப்பமரத்தடியில் கூட்டி விஷயத்தைச் சொன்னான். ஒருவன் வெள்ளைக்கண்ணு, மூவரில் மூத்தவன். வலது காதைப் பிடித்துக்கொண்டு யோசிப்பான். காதை விட்டான் என்றால் முடிவுக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். இன்னொருவன் தவசி. எதற்கும் ஒரு குறுக்குக் கேள்வி வைத்திருப்பான்.

"சும்மா சொல்லிருக்கும் மாப்ள, பெத்துரும்," என்றான் தவசி.

"நாலு வருசத்துக்கு முந்தி கத்திரிக்கா திங்க மாட்டேன்னு சொன்னா. இன்னிக்கு வரைக்கும் தின்னதில்ல," என்றான் சோணமுத்து.

தவசியின் முகம் மாறிவிட்டது. வெள்ளைக்கண்ணு காதைப் பிடித்தான்.

"அப்ப வெரால் வராம பிள்ளை வராது. ஒரு மாசமானாலும் வராது, ஒரு வருசமானாலும் வராது. உள்ளயே பல்லு மொளைக்கும். பெறகு பள்ளிக்கூடத்துல சேர்க்கையில என்ன வயசுன்னு சொல்லுவ?"

சோணமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ஊர்க் கண்மாயில் விரால் உண்டு. ஆனால் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுகிற நாள் வரைக்கும் வலை இறங்கக் கூடாது. தூண்டில் மட்டும் போடலாம். மூவரில் ஒருவரும் தூண்டிலைத் தொட்டதில்லை. அதனால் திங்கட்கிழமை காலையிலேயே பஸ் ஏறி, டவுனில் தூண்டில் சாமான் விற்கிற சிக்கந்தர் பாய் கடைக்குப் போனார்கள்.

பாய் நல்ல மனுஷர். தொழிலில் ஒளிவுமறைவு கிடையாது.

"தடி, ஆள் ஒசரத்துக்கு ஒன்றரை மடங்கு இருந்தாப் போதும்," என்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நின்ன ஒசரமா, உக்காந்த ஒசரமா பாய்?" என்று கேட்டான் தவசி.

பாய் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. "எப்படிப் பிடிக்கப் போறீகளோ அப்படி," என்றார்.

"மீன் எப்ப வருமோ தெரியாது. அதுவரைக்கும் நிக்க முடியுமா? உக்காந்துதான்," என்றான் வெள்ளைக்கண்ணு. சோணமுத்துவைக் கடை வாசலில் சம்மணம் போட வைத்து, உச்சந்தலை வரை அளந்து, அதற்கு ஒன்றரை மடங்கில் ஒரு தடி வாங்கினார்கள். அது சிலம்பக் கம்பைவிடச் சின்னதாக இருந்தது.

அடுத்துத் தூண்டில் நரம்பு. "இது பத்துக் கிலோ தாங்கும்," என்று ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார் பாய். அடுத்து ஒரு ரப்பர் தவளை. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, அடியில் இரண்டு தூண்டில் முள். "வெராலுக்குத் தவளைன்னா உசுரு. ஆனா இதை நெசத் தவளைன்னு அது நம்பணும். அதுலதான் இருக்கு சூட்சுமம். பெறகு, ஒங்க நெழல் தண்ணியில விழக் கூடாது. மூச்சுச் சத்தம்கூடக் கேக்கக் கூடாது. வெரால் ரொம்ப உசாரு."

நாமாக இருந்தால் கேட்டதில் பாதியைப் பஸ்ஸிலேயே விட்டிருப்போம். அவர்கள் அப்படி இல்லை. ஆளுக்கு ஒன்றாக மனப்பாடம் செய்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தவளைக்கு ஒதுக்கப்பட்டது.

"மீன் நம்பணும்னா மொதல்ல இது தவளை மாதிரி நடந்துக்கிடணும்," என்றான் வெள்ளைக்கண்ணு. "கடையில பொறந்து வளந்தது. அதுக்கு என்ன தெரியும்? நாலு தவளையோட பழக விட்டாத்தான் வரும்."

முள்ளைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, தவளையைக் கண்மாய்க்குக் கீழே உள்ள வயல் வரப்பில், தவளைகள் கூடுகிற ஈரத்தில் உட்கார வைத்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அது பழகியது. சாயங்காலம் போய்ப் பார்த்தால், வரப்பில் ஏழெட்டுப் பச்சைத் தவளைகள்.

"எதுண்ணே நம்மது?" என்றான் சோணமுத்து.

"கிட்டப் போ. எது குதிக்கலையோ அதான்."

சோணமுத்து கிட்டே போனான். எல்லாம் குதித்தன. இரண்டு மட்டும் குதிக்கவில்லை. அதில் ஒன்று வரப்பில் பாதி புதைந்து, அழுக்காக, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. இன்னொன்று கொழுகொழுவென்று, ஊரில் நடப்பது எதிலும் சம்பந்தமில்லாததுபோல உட்கார்ந்திருந்தது.

"அது பாவம் செத்த தவளை," என்று புதைந்து கிடந்ததைக் காட்டினான் தவசி. "இதான் நம்மது. பாரு, தொட்டாக்கூட அசையல."

கொழுத்த தவளையைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். செத்த தவளையை அப்படியே விட்டுவிட மனசு வராமல், சோணமுத்து அதன்மேல் இரண்டு கை மண் தள்ளிவிட்டு வந்தான்.

புதன்கிழமை காலை கண்மாய்க்குப் புறப்படும்போது தவசி நரம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"பத்துக் கிலோ தாங்கும்னாரு பாய். வெரால் என்ன, ரெண்டு கிலோ இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப மிச்சம் எட்டுக் கிலோவுக்கு என்ன வழி?"

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. பத்துக் கிலோ தாங்கும் என்று பாய் நம்பிச் சொல்லிக் கொடுத்ததை இரண்டு கிலோவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது அந்த மனுஷருக்குச் செய்கிற மரியாதையா? வெள்ளைக்கண்ணு வெகுநேரம் காதைப் பிடித்திருந்தான். கடைசியில் ரேஷன் கடைத் தராசில் நிறுத்து, சரியாக எட்டுக் கிலோவுக்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து நரம்பில் கட்டினார்கள். இனி இரண்டு கிலோ விரால் வந்தால் கணக்கு நேராகிவிடும்.

கண்மாய்க் கரையில் வெயில் முதுகுப் பக்கம் அடித்தது. மூன்று பேருடைய நிழலும் நீளமாகத் தண்ணீரில் விழுந்து கிடந்தது.

"எதிர்க்கரைக்குப் போனா நெழல் பின்னால விழும்," என்றான் தவசி. அவனுக்கு அபூர்வமாக இப்படி ஏதாவது வந்துவிடும்.

"அது பக்கத்து ஊர்க்காரன் கரை," என்றான் வெள்ளைக்கண்ணு. "நம்ம நெழல் அவன் வயல்ல விழுந்துச்சுன்னா நாளைக்குப் பஞ்சாயத்து ஆகிப்போகும்."

தவசி உடனே ஒத்துக்கொண்டான். கடைசியில் சோணமுத்துதான் வழி சொன்னான். "கரையில நின்னாத்தானே நெழல் தண்ணியில விழுது? நம்மளே தண்ணிக்குள்ள இருந்துட்டா?"

வெள்ளைக்கண்ணு காதை விட்டான். தனக்கு இப்படி ஒரு யோசனை வரும் என்று சோணமுத்துவே எதிர்பார்க்கவில்லை. பிள்ளைப் பாசம் ஒரு மனுஷனை என்னவெல்லாம் செய்துவிடுகிறது!

சத்தம் விஷயத்துக்கும் ஓர் ஏற்பாடு ஆயிற்று. தண்ணீருக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பேச வேண்டியதிருந்தால் கரையேறி, கரைமேல் இருக்கிற வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும்.

கடைசியாகத் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். முள்ளை மாட்டுவதற்குள் தவளை ஒரு தாவு தாவித் தண்ணீரில் விழுந்து, காலை உதைத்துப் போயே போய்விட்டது.

மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லாப் பழகிருச்சு," என்றான் தவசி, மரியாதையோடு.

"ஒரு நாள் பூரா விட்டது தப்பு. அரை நாள் விட்டாப் போதும்னு எனக்கு அப்பவே தோணுச்சு," என்றான் வெள்ளைக்கண்ணு.

"இப்பத் தவளைக்கு எங்கண்ணே போறது?" சோணமுத்து தூக்குச்சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"எதுக்குப் போகணும்? மீனுக்கு வேண்டியது தண்ணியில ஒரு தவளை. அது தண்ணிக்குள்ளதானே போயிருக்கு? எறங்கு."

சோணமுத்து இறங்கினான். உட்கார்ந்த உயரத்துக்கு வாங்கிய தடி, அதனால் நிற்க முடியாது. உட்கார்ந்தால் கழுத்து மட்டம் தண்ணீர் வருகிற இடமாகப் பார்த்து, சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெறும் முள் தொங்கிய தூண்டிலைப் பிடித்துக்கொண்டான். கைலி தண்ணீரில் உப்பிக்கொண்டு நின்றது. வெள்ளைக்கண்ணுவும் தவசியும் எட்டுக் கிலோ கல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சத்தமே வராமல், அவனுக்கு எதிரே சேற்றில் இறக்கினார்கள்.

அந்தச் சேற்றுப் பொந்தில்தான் ஒரு விரால் குடியிருந்தது. தலைக்கு மேலே கல் வந்து உட்கார்ந்தால் அது என்ன செய்யும்? விருட்டென்று கிளம்பி, எதிரே இருட்டாகத் தெரிந்த ஒரே இடத்துக்குள் புகுந்துகொண்டது. அது சோணமுத்துவின் கைலி.

சோணமுத்து கத்தவில்லை. சத்தம் கூடாது என்று பாய் சொல்லியிருக்கிறார். எழுந்திருக்கவும் இல்லை. இரண்டு முழங்காலையும் இறுக்கிக்கொண்டு, கைலி விளிம்பை இடது கையால் சுருட்டிப் பிடித்து, கண்ணை உருட்டி இரண்டு பேரையும் பார்த்தான். உள்ளே விரால் திமிறிய திமிறலில் அவன் முகம் நிமிஷத்துக்கு ஒரு விதமாகப் போனது.

வெள்ளைக்கண்ணு தவசிக்குச் சைகை காட்டினான். இரண்டு பேரும் கரையேறி வேப்பமரத்தடிக்குப் போனார்கள்.

"என்னண்ணே, மூஞ்சி அப்படிப் போகுது?"

"பெண்டாட்டி நெனப்பு."

"அழுகுறானா, சிரிக்கிறானா?"

"ரெண்டும் கலந்து வருது. தகப்பனாகப் போறவனுக்கு அப்படித்தான் இருக்கும்."

திரும்பி வந்து பார்த்தார்கள். சோணமுத்து இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் கீழும் குலுங்கிக்கொண்டிருந்தான். மறுபடியும் மரத்தடிக்குப் போனார்கள். குளிர்தான் என்று முடிவு செய்து, துண்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதற்குள் சோணமுத்து, எழுந்திருக்காமல், உட்கார்ந்தபடியே சேற்றில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து கரைக்கு வந்து, மரத்தடி வரைக்கும் அப்படியே நகர்ந்து, அங்கே போய்த்தான் வாயைத் திறந்தான்:

"அண்ணே! கைலிக்குள்ள மீன்!"

விரித்தார்கள். கையளவு தலையும் கரும்பச்சை முதுகுமாக, அருமையான விரால். சோணமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. பொத்திப் பொத்தி வைத்திருந்த மூன்று நாள் பயமும் ஒரேயடியாக வெளியே வந்தது. "எம்பிள்ளை வந்துரும்ணே, வந்துரும்," என்று வெள்ளைக்கண்ணுவைக் கட்டிக்கொண்டான்.

"இரு, இரு," என்றான் தவசி. "இது கைலியில பிடிச்சது. கைலியும் வலையும் ஒண்ணுதானே? பெரியவரு இன்னும் துண்டு வீசலையே?"

வெள்ளைக்கண்ணு கைலியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். "வலைன்னா ஆயிரம் ஓட்டை இருக்கும். இதுல மூணுதான் இருக்கு. சோணை, மீன் உள்ள வர்றப்ப தூண்டில் ஒங் கையில இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே. இப்பவும் இருக்கு."

"அப்ப தூண்டில் போட்டுப் பிடிச்ச மீன்தான்."

வாளியில் தண்ணீர் நிறைத்து, விராலை விட்டு, மேலே ஈரத்துண்டு போட்டு மூடி, மூவரும் புளியடிக்களத்துக்கு நடந்தார்கள். வாளி தளும்பாமல் இருக்க மாற்றி மாற்றித் தூக்கினார்கள். ஊர் எல்லையில் இருக்கிற ஊருணிப் பக்கம் வரும்போது எதிரே பைக்கில் வந்தான் பஞ்சவர்ணத்தின் தம்பி கார்மேகம். கையில் மிட்டாய் டப்பா.

"மாமா, ஒங்களைத் தேடித்தான் வர்றேன்! விடியக்காலையில பொம்பளப்பிள்ளை பொறந்துருக்கு. தாயும் பிள்ளையும் சொகம். ஆஸ்பத்திரியில இருக்காக, சீக்கிரம் வாங்க!" என்று மிட்டாயைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குச் சொல்லப் பறந்துவிட்டான்.

சோணமுத்து வாளியைக் கீழே வைத்தான். மிட்டாயை வாயில் போடப் போனவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"பிள்ளை பொறந்துருச்சாம்," என்றான்.

"வெரால் கொழம்பு திங்காமப் பெத்துக்கிட மாட்டேன்னு சொன்னுச்சே?" என்றான் தவசி.

"அவ சொன்னாச் சொன்னதுதான்."

"அப்ப தின்னுருக்கு."

"எதை?"

மூவரும் துண்டை விலக்கி வாளிக்குள் பார்த்தார்கள். விரால் அவர்களைப் பார்த்தது.

வெள்ளைக்கண்ணு காதைப் பிடித்தான். அன்றைக்குப் பிடித்த பிடியில் காது சிவந்துவிட்டது. "ஒங் கையால பிடிச்ச வெராலத்தான் திம்பேன்னா. நீ பொறந்ததுலருந்து பிடிச்சது ஒரே ஒரு வெரால். அதைத் தின்னுட்டுப் பிள்ளையும் பெத்துட்டா. சரிதானே?"

"சரிதான்."

"தின்னு முடிச்ச மீன் வாளியில இருக்க முடியுமா?"

"முடியாது," என்றார்கள் இருவரும்.

"அப்ப இது நம்ம மீன் இல்ல."

யாருடையதோ ஒரு மீனை இவ்வளவு தூரம் தூக்கி வந்துவிட்டோமே என்று மூவருக்கும் கூச்சமாகப் போய்விட்டது. யாரும் பார்ப்பதற்குள் வாளியை ஊருணியில் மெதுவாகச் சாய்த்தார்கள். விரால் வாலை ஒரு சுழற்று சுழற்றிவிட்டு உள்ளே போனது.

ஆஸ்பத்திரியில் பஞ்சவர்ணம் படுத்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைத் துணிக்குள் பிள்ளை, மூக்கு அப்படியே சோணமுத்து. அவன் குனிந்து முதலில் அதன் வாயை மெல்ல விலக்கிப் பார்த்தான். பல் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. ஒரு விரலால் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டான். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பி, வெட்கத்தோடு கேட்டான்:

"வெரால் கொழம்பு எப்படி இருந்துச்சு?"

பஞ்சவர்ணம் மோட்டுவளையைப் பார்த்துச் சற்று யோசித்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "புளிதான் கொஞ்சம் தூக்கல்."

சோணமுத்து வாசலுக்கு வந்தான். வெந்நீர்ச் செம்போடு நின்ற மாமியாரிடம், ரொம்பப் பணிவாகச் சொன்னான்:

"அத்தை, அடுத்த பிள்ளைக்குப் புளியைக் கொஞ்சம் கொறைச்சுக் கரைங்க."