எச்சில் தர மறுத்தவன்

திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவள் பாண்டீஸ்வரி. தினமும் ஆலை வேனில்தான் போய்வருவாள். வேனை ஓட்டிய இருதயராஜ் நிதானமான ஆள். பெண்கள் அசந்து தூங்கினால் தலை கம்பியில் இடிக்காதபடி பள்ளம் பார்த்து ஓட்டுவான். அவன் ஒரு காலத்தில் போதை ஊசிக்கு அடிமையாக இருந்தவன் என்பது அந்த வேனில் பாண்டீஸ்வரிக்கு மட்டுமே தெரியும். தன் தம்பியை அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவுக்கு அழைத்துப் போனபோது, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைக்காக அங்கே வரிசையில் நின்றவனைப் பார்த்துவிட்டாள். அந்த மாத்திரைதான் அவனை ஊசியின் பக்கம் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

"மில்லுல யாருக்கும் தெரிய வேண்டாம் தங்கச்சி."

"எம்புள்ள மேல சத்தியம்ணே. சொல்ல மாட்டேன்."

பிறகொரு நாள், போதையில் ஒருவன் ஓட்டிய லாரி பள்ளிப் பிள்ளைகள் மீது ஏறியது. அந்த உடல்களை அள்ளி எடுத்தவர்களில் சப்-இன்ஸ்பெக்டர் கதிரேசனும் ஒருவர். சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா ஓட்டுநர்களின் எச்சிலையும் சோதிக்க வேண்டும், மறுப்பவனைக் கைது செய்ய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. சோதனைக் குச்சி, உடம்பில் போதை மருந்தின் சுவடோ அதை விடுவிக்கும் மாத்திரையின் சுவடோ உண்டா என்று காட்டும். ஆள் தெளிவாக இருக்கிறானா என்று காட்டாது.

ஒரு காலை வேனை மறித்தார்கள். கதிரேசன் குச்சியை நீட்டினார்.

"வாயத் திற."

"கண்ணப் பாருங்க சார். நடக்கச் சொல்லுங்க, நடக்கிறேன். எச்சில் மட்டும் வேண்டாம். கொஞ்சம் தள்ளி வாங்க, தனியா ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

"தனியாப் பேசினா காசு வாங்கிட்டேம்பாங்க. எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லு."

வேன் சன்னல்களில் எல்லாம் முகங்கள். இருதயராஜ் வாயைத் திறக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் அவனை ஜீப்பை நோக்கி இழுத்தார். பாண்டீஸ்வரி இருக்கையை விட்டு எழுந்தாள். ஸ்டேஷனில் எப்படியும் எச்சிலை எடுப்பார்கள். குச்சி நிறம் மாறும். போதையில் ஓட்டினான் என்று உள்ளே தள்ளுவார்கள், மாத்திரையும் கிடைக்காது. தன் பிள்ளையின் முகம் ஒரு நொடி கண்ணில் வந்து போயிற்று. இறங்கிப் போய் கதிரேசனின் காதோரம் விஷயத்தைச் சொன்னாள்.

அவர் முகம் தெளிந்தது. "அட, ஊசிய விட்டுட்டு மாத்திரையில இருக்கானா? முதல்லயே சொல்ல வேண்டியதுதானே!" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. பிறகு அவன் கண்ணைப் பார்த்தார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்க. கெளம்பு."

மறுநாள் பெண்கள் வேனில் ஏறவில்லை. "ஊசி போடுறவன நம்பியா ஏறுறது?" என்றார்கள். ஆலை மேனேஜர் பாண்டீஸ்வரியிடமும் கேட்டார்: "நீ என்னம்மா சொல்ற?" பேசினால் தம்பியின் கதையும் வெளியே வருமே என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றே வேன் சாவி வேறொருவன் கைக்குப் போனது. மாத்திரை வரிசையிலும் யாராவது பார்ப்பார்கள் என்று இருதயராஜ் மருத்துவமனைப் பக்கம் போவதை நிறுத்தினான். அடுத்த மாதம் ரயில் பாதை ஓரமாகக் கிடந்தான். பக்கத்தில் ஊசி கிடந்தது. உடம்பில் உயிர் இல்லை.

இருதயராஜ் எச்சில் தர மறுத்தான். கதிரேசன் நடுரோட்டில் வைத்துக் கேட்டார். பாண்டீஸ்வரி சத்தியத்தை மீறினாள். இதில் யார் செய்தது தவறு?

விடை: இருதயராஜ் மறுத்தது தவறில்லை. ஓட்டத் தகுதி உண்டா என்று அறியத் தேவையான எல்லாவற்றையும் அவன் தானாகவே கொடுத்தான். ஒளித்தது தன் வைத்தியத்தை மட்டும். கதிரேசன் பிள்ளைகளை நினைத்துப் பயந்தது நியாயம்தான். ஆனாலும் கடைசியில் செய்ததை அவர் முதலில் செய்திருந்தால் ஒருவனுடைய உடம்பின் ரகசியம் தெருவுக்கு வந்திருக்காது. பெரும் பிழை அவருக்கும் அந்த உத்தரவுக்கும் உரியது. பாண்டீஸ்வரி சத்தியத்தை மீறியது அவனைக் காப்பாற்றத்தான், அதில் குற்றமில்லை. மேனேஜர் கேட்டபோது காப்பாற்ற எந்தச் சத்தியமும் மிச்சமில்லை. அப்போதுதான் அவள் வாயை மூடிக்கொண்டாள்.