பட்டுத்துணிக்குள் என்ன?

ஐம்பது வருஷமாகப் பூவும் பொட்டும் வைக்கிறார்கள். உள்ளே என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அது என்ன? ஒரு சமஸ்கிருதக் கல்லூரியில், பட்டுத்துணி சுற்றிப் பூஜையில் வைத்திருந்த ஓலைச்சுவடி.

முதுகலையில் சேர வந்த செவந்தியிடம் தாளாளர் மகாலிங்கம் கேட்டார்: "மாடு மேய்க்கிற வீட்டுப் பெண்ணுக்கு இந்த மேற்படிப்பு எதுக்கும்மா? சரியான பதில் சொன்னால்தான் இடம்."

செவந்தி பூஜை மாடத்தைக் காட்டினாள். "அந்தச் சுவடியில் என்ன இருக்கு, ஐயா?"

"வேத ரகசியம்!"

"படிச்சீங்களா?"

"கும்பிடுறதை யாராவது பிரிப்பாங்களா?"

"பிரிச்சுப் படிக்கத்தான் ஐயா இந்தப் படிப்பு."

தாளாளரே முடிச்சை அவிழ்த்தார். செவந்தி கிரந்த எழுத்தை மெதுவாகப் படித்துப் பொருள் சொன்னாள்: வயிறு உப்பிய பசுவுக்கு மருந்து.

அவளுக்கு இடம் கிடைத்தது. "காவியமா, வேதாந்தமா? எதில் ஆய்வு செய்யப் போறே?" என்று கேட்டார் தாளாளர்.

செவந்தி அந்த மாட்டு வைத்தியச் சுவடியை எடுத்துக்கொண்டாள்.