கிண்ணத்தை மறித்த அங்கிக் கை

அந்தக் காலத்து ஜப்பான் அரண்மனையில் ஒரு விளையாட்டு. தோட்டத்து வாய்க்காலில் மதுக் கிண்ணத்தை மிதக்க விடுவார்கள். அது நம்மைத் தாண்டுவதற்குள் கவிதை சொல்லிவிட வேண்டும்.

மகாராணியிடம் ஹகினோ என்றொருத்தி வேலை பார்த்தாள். ஏழை வீட்டுப் பெண், ஆனால் பாட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரி. மந்திரி தோகிசுகேவுக்கு அது பொறுக்கவில்லை. தண்ணீர் குபுகுபுவென்று பாயும் மடைவாயில் அவளை உட்கார வைத்தார்.

"கிண்ணம் தாண்டிச்சுன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடணும், தெரிஞ்சுதா?"

"சரிங்க ஐயா."

கிண்ணம் பாய்ந்து வந்தது. ஹகினோ தன் நீளமான அங்கிக் கையைத் தண்ணீரில் போட்டாள். கிண்ணம் அதில் சிக்கி நின்றது. அவள் நிதானமாக யோசித்து, அழகான கவிதையொன்றைச் சொல்லி முடித்தாள்.

"ஏமாத்து வேலை! அங்கியை எதுக்குத் தண்ணியில நனைச்ச?" என்று குதித்தார் மந்திரி.

"அழுது அழுது அங்கிக் கை நனைஞ்சுதுன்னு பாடுறதுதானே ஐயா நம்ம அரண்மனை வழக்கம்? நீங்ககூட இப்பத்தான், உங்க அங்கிக் கையிலேருந்து கண்ணீர் ஆறா ஓடுதுன்னு பாடினீங்க. ஆனா உங்க அங்கி மொடமொடன்னுல்ல இருக்கு! நான் நிஜமாவே நனைச்சேன், அது தப்புங்களா?"

மகாராணி விழுந்து விழுந்து சிரித்தார். "ஹகினோ இங்கேயேதான் இருப்பா. மந்திரியாரே, இப்ப அவ இடத்துல நீங்க உட்காருங்க."

மறுபடி கிண்ணம் வந்தது. மந்திரி வாயைத் திறந்தார்; ஒரு சொல்லும் வரவில்லை. கிண்ணம் கிட்டே நெருங்கியதும், சட்டென்று தன் பட்டு அங்கிக் கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

அவர் அங்கி நிஜமாகவே நனைந்தது அன்றைக்குத்தான்.