முப்பது நொடி மிச்சம்

ஒரு மலையடிவாரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. காலை ஏழரை மணி பஸ் அங்கே ஐந்தே நிமிஷம் நிற்கும். அந்தப் பஸ்ஸை நம்பித்தான் கடையே ஓடியது. மாஸ்டர் பாக்கியநாதன் ஐந்து கிளாஸ் டீ பிடிக்கும் தகரக் குவளையைத் தலைக்கு மேல் தூக்கி, டீயை ஆற்றோ ஆற்றென்று ஆற்றி, வாய்க்குப் பதமாகக் கொடுப்பார். டிரைவர் சங்கிலி ஒரே மூச்சில் குடித்துவிட்டு வண்டியை எடுப்பார்.

மாஸ்டர் சும்மா இருந்திருக்கலாம். 'வேகமாக வேலை செய்வது எப்படி' என்று டவுனில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனார். வரும்போது கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கியது.

வந்த அன்றே அதற்கு வாய் நீளம்.

"ஒரு குவளை டீயை ஆற்ற முப்பது நொடியா! எதற்கு இந்தக் கூத்து?" என்றது.

"கூத்தா? குடிக்கிறவன் நாக்கு என்ன ஆவது?" என்று தகரக் குவளை சீறியது.

"நாக்கு என் வேலையில்லை. கிளாஸ் பெஞ்சுக்குப் போனதும் நான் நின்றுவிடுவேன்."

"அடேங்கப்பா! பெஞ்சுக்குப் போனால் போதுமா? யாராவது குடிக்க வேண்டாமா?" என்று கேட்டது கண்ணாடி கிளாஸ்.

"உனக்கெல்லாம் பயிற்சி போதாது. பேசாதே!"

பாய்லர் புஸ்ஸென்று சிரித்தது. அதற்கென்ன, கொதித்தால் சரி. மாஸ்டர் குவளையை ஆணியில் மாட்டிவிட்டார்.

மறுநாள் பஸ் வந்ததும் ஒரே நிமிஷத்தில் இருபது டீ பெஞ்சில் இருந்தது.

"ஐயோ, வாய் வெந்துபோச்சு!" என்று அலறினார் சங்கிலி. ஆளாளுக்குத் துண்டால் கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஊதினார்கள். ஊதி முடிப்பதற்குள் ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது. "என்ன மாஸ்டர், எப்பவும் போல ஆத்திக் குடுத்திருந்தா இந்நேரம் குடிச்சிருப்போமே!" என்று சொல்லிவிட்டு சங்கிலி பஸ்ஸை எடுத்தார். இருபது கிளாஸும் நிறைந்தபடியே நின்றன.

"சாதனை மாஸ்டர், சாதனை!" என்று குதித்தது ஸ்டாப்வாட்ச்.

மாஸ்டர் ஆணியில் தொங்கிய குவளையை அண்ணாந்து பார்த்தார். ஆனால் பயிற்சிச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறதே! குவளையை இறக்க மனசு வரவில்லை. "நாளைக்கு இன்னும் வேகமாப் போட்டுப் பார்ப்போம்," என்றார்.

அடுத்த நாள் பஸ் இந்தக் கடையைத் தாண்டிப் போய் சற்றுத் தள்ளியிருந்த இன்னொரு டீக்கடை வாசலில் நின்றது. அங்கே ஒரு குவளை மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சங்கிலி இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போச்சு, பொழைப்பே போச்சு!" என்று மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"எதற்குக் கலங்குகிறீர்கள்?" என்றது ஸ்டாப்வாட்ச். "இன்றைக்கு நமக்கு ஒரு நொடிகூட வீணாகவில்லையே!"